முன்னறிவிப்பு

மூக்கு நுனியில் பவுடர் அரித்தது. சொறியக் கூடாது, சொறிந்தால் அந்த மேக்கப் பெண் பஞ்சும் கையுமாக மறுபடி ஓடி வருவாள், சுவருக்கு வெள்ளையடிப்பது போல அடித்துவிட்டுப் போவாள், அறுபது தாண்டின முகத்துக்கு இதெல்லாம் தேவையா என்று பேராசிரியர் பூதலிங்கம் தன்னையே கேட்டுக்கொண்டார், தேவைதான் என்று பதிலும் தானே சொல்லிக்கொண்டார். கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவனை எவன் திரும்பிப் பார்க்கிறான், டிவி பட்டிமன்றத்தில் பேசுகிறவன் என்றால் பஸ் ஸ்டாண்டில்கூடக் கையைப் பிடித்துக் குலுக்குகிறான், சார் அந்த மாமியார் ஜோக்கு பிரமாதம் சார் என்று பல்லைக் காட்டுகிறான். இன்றைக்கு மாமியார் இல்லை. சுதந்திர தினச் சிறப்புப் பட்டிமன்றம், ஆகஸ்டில் போடுவதற்கு ஜூலையிலேயே படம் பிடிக்கிறார்கள். போர்: நாகரிகமா, காட்டுமிராண்டித்தனமா? பின்னால் திரையில் எழுத்து மின்னி மின்னி அணைந்தது, நாகரிகத்துக்குப் பச்சை, காட்டுமிராண்டித்தனத்துக்குச் சிவப்பு, ஒரு பக்கம் வாள், இன்னொரு பக்கம் தாமரை, எந்த முட்டாள் வரைந்தானோ. போன மாதம் இதே நாற்காலியில் உட்கார்ந்து சமையலில் சிறந்தவர் ஆணா பெண்ணா என்று பேசியாயிற்று, அப்போது கரண்டியும் தோசைக்கல்லும் மின்னின. கரண்டியை எடுத்துவிட்டு வாளை வைத்திருக்கிறார்கள், மற்றபடி எல்லாம் அதேதான், அதே நடுவர், அதே தண்ணீர் பாட்டில், வேனில் ஏற்றிக் கூட்டி வந்து பிரியாணிப் பொட்டலம் கொடுத்து உட்கார வைத்த அதே ஜனங்கள். காலையிலேயே அவர்களைத் தனியாகச் சிரிக்கச் சொல்லியும் கைதட்டச் சொல்லியும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். யாரும் எதுவும் பேசுவதற்கு முன்னாலேயே ஒரு கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்க்கும்போது பூதலிங்கத்துக்கு ஒவ்வொரு தடவையும் குமட்டும். இருந்தும் ஒவ்வொரு தடவையும் வருவார்.

போர் நாகரிகம்தான் என்ற கட்சியில் அவரைப் போட்டிருந்தார் நடுவர் திருவேங்கடம். கட்சி பிரிப்பது நடுவர் வேலை, பிரித்த பக்கம் நின்று அடித்துப் பேசுவது பேச்சாளன் வேலை, சொந்த அபிப்பிராயத்தை எல்லாம் வீட்டில் செருப்போடு சேர்த்து விட்டுவிட்டு வர வேண்டும். காதல் கல்யாணமே உயர்ந்தது என்று மதுரையில் பேசிய வாய் ஒரு வாரம் கழித்து நெல்லையில் பெற்றோர் பார்த்துச் செய்வதே உயர்ந்தது என்று பேசியிருக்கிறது, இரண்டுக்கும் ஒரே குட்டிக்கதை. ஆனால் இந்தத் தலைப்பு அவருடைய பட்டா நிலம். தமிழன் போரைக்கூட நாகரிகமாகச் செய்தான் என்று கேசட் காலத்திலிருந்து பேசிக்கொண்டு வருகிறார். முதலில் பூ வரும். மாட்டைக் கவரப் போகிறவனுக்கு ஒரு பூ, மீட்கப் போகிறவனுக்கு வேறு பூ, கோட்டையை வளைக்கிறவனுக்கு ஒன்று, உள்ளே இருந்து காக்கிறவனுக்கு ஒன்று, இன்றைக்குப் பெண் பார்க்கப் போகிறவனே பூ வாங்க மறந்துவிடுகிறானே ஐயா என்றால் கூட்டம் சிரிக்கும். மாடு திருடப் போகிறவனுக்கு எதற்குப் பூ என்று இத்தனை வருஷத்தில் ஒரு பயல் எழுந்து கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? கொலைக்குப் போகிறவன் பூக்காரியிடம் நின்று நிதானமாக நிறம் பார்த்து வாங்குகிறான், அதற்குப் பெயர் பண்பாடு. பூவுக்குப் பிறகு மன்னர். அதுதான் அவருடைய உச்சம், ஊர் ஊராகக் கேட்டு வாங்கின இடம். குரலைத் தாழ்த்தி, பேச்சை ஒரு நொடி நிறுத்தி, பிறகு வலது கையை உயர்த்தி: போர் தொடுக்கும் முன் எங்கள் மன்னன் ஊருக்கு அறிவித்தான், பெண்களே, நோயாளிகளே, குழந்தைகளே, பசுக்களே, என் அம்பு வரப்போகிறது, பத்திரமான இடத்துக்குப் போய்விடுங்கள் என்று! உலகத்தில் எந்த இனத்தானாவது எதிரியின் பிள்ளைக்கு முன்னறிவிப்புக் கொடுத்திருக்கிறானா? இந்த இடத்தில் கைதட்டல் கூரையைப் பிய்க்கும். இன்றைக்குத் தீர்ப்பும் அந்தப் பக்கம்தான், சாப்பாட்டு வேளையிலேயே தயாரிப்பாளர் நிரஞ்சன் சொல்லிவிட்டான். காதில் கடுக்கன், தலையில் ஒரு மைக்கு, பேரன் வயசு. “சுதந்திர தினம் சார், காட்டுமிராண்டினு முடிச்சா நல்லாருக்காது. நாகரிகம்னே முடிச்சிருங்க.” நடுவர் மோர் குடித்துக்கொண்டே தலையாட்டினார். போர் நாகரிகமா இல்லையா என்று உலகம் இத்தனை காலமாக மண்டையைப் பிய்த்துக்கொள்கிறது, இங்கே மோர் சாதத்தோடு முடிந்துவிட்டது.

எதிர்க்கட்சியில் கடைசியாகத் தவமலர் எழுந்தாள். அவள் முடித்ததும் பூதலிங்கம் எழுந்து அவளுக்குப் பதில் சொல்லி, மன்னரைக் கொண்டுவந்து நிறுத்தி, உட்கார வேண்டும். தவமலர் குழுவில் சேர்ந்து இரண்டு வருஷம் இருக்கும். கடலுக்கு அந்தப் பக்கத்துக்காரி, அங்கே சண்டை முடிந்தபின் வந்தவள், திருச்சியில் ஒரு டியூஷன் சென்டரில் தமிழ் எடுக்கிறாள், நாற்பத்தைந்து வயசு, நல்ல குரல், நகைச்சுவை நன்றாக வரும். மேடையில் நம்மூர்த் தமிழ்தான் பேசுவாள், டிவிக்கு அதுதான் எடுபடும் என்று முதல் நிகழ்ச்சியிலேயே கற்றுக்கொண்டுவிட்டாள், வேனில் உட்கார்ந்ததும் சொந்தத் தமிழுக்குப் போய்விடுவாள். இன்றைக்கும் வழக்கம்போலத்தான் ஆரம்பித்தாள். “நடுவர் அவர்களே, போரைப் பத்தி என்கிட்டக் கேக்கறீங்களே, நானும் என் மாமியாரும் போடாத போரா? காலையில காபிக்கு ஒரு போர், ராத்திரி கதவைச் சாத்தறதுக்கு ஒரு போர்.” கூட்டம் சிரித்தது, நிஜமாகவே சிரித்தது. பூதலிங்கம் சிரித்தபடியே பதிலை மனசுக்குள் திரட்டினார், அம்மா தவமலர், காபிப் போரிலும் ஒரு நாகரிகம் உண்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தானே சண்டை போட்டீர்கள்? சுமார்தான், போதும். “நாங்க ரெண்டு பேரும் ஒத்துப்போனது ஒரே ஒரு நாள்தான்” என்றாள் அவள். அதற்கும் சிரித்தார்கள். அவள் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள், எடுக்கவில்லை. அதன்பிறகு அவள் தமிழ் மாறியது. “பிளேனிலயிருந்து துண்டுப் பேப்பர் போட்டவை. ரேடியோவிலயும் சொன்னவை. சண்டை வரப்போகுது, சனமெல்லாம் இந்த இடத்துக்குப் போங்கோ, அங்கை அடிக்கமாட்டம் எண்டு. மாமி சொன்னா, பிள்ளை, சொல்லிப்போட்டு அடிக்கிற ஆக்கள் நாகரிகமான ஆக்கள்தான், வெளிக்கிடு எண்டு. எனக்கும் அது சரியெண்டுதான் பட்டது. நான் தமிழ் டீச்சர். முன்னம் எங்கட ராசாக்கள் அப்பிடித்தான் அறிவிச்சவை எண்டு பள்ளிக்கூடத்தில படிப்பிச்சனான். பக்கத்து வளவு நேசராணி டீச்சர் வரமாட்டன் எண்டிட்டா. நானும் அவவும் ஒரே ஸ்டாஃப் ரூம். என்னை அடிக்கிறவன் காட்டுற இடத்துக்கு நான் ஏன் போகவேணும் எண்டு கேட்டவ. நான் அவவோட கோவிச்சுக்கொண்டு வந்தனான். அவவின்ர ரெண்டு பிள்ளையளும் இப்ப கனடாவில. நான் சொன்ன இடத்துக்குப் போனனான். மாமியும் என்ர மகனும் சொன்ன இடத்திலதான் இருக்கினம், இப்பவும்.”

கைதட்டச் சொல்லிக் கையைத் தூக்குகிற பையன் தூக்கலாமா வேண்டாமா என்று நிரஞ்சனைப் பார்த்தான். பூதலிங்கத்துக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, எரிச்சல். பட்டிமன்றத்தில் இதெல்லாம் பேசலாமா, ஒரு முறை வேண்டாமா, இதற்குப் போய் என்ன பதில் சொல்லுவது, டம்ளரைக் கீழே வைத்த நாகரிகத்தையா சொல்லுவது? அடுத்தது என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியும், மன்னர் வருகிறார், வலது கை உயர்கிறது, குழந்தைகளே பத்திரமான இடத்துக்குப் போய்விடுங்கள். அதை இவள் உட்கார்ந்திருக்கும்போது, இவள் முகத்துக்கு நேரே, இவள் அந்த வாக்கியத்தை முடித்த வாயின் ஈரம் காய்வதற்குள் சொல்ல வேண்டும். சொல்லலாமா? சொன்னால் என்ன, தொழில்தானே. சொல்லாவிட்டால் என்ன, தொழில் போய்விடும், அடுத்த பட்டிமன்றத்தில் அந்த நாமக்கல் பையன் உட்கார்ந்திருப்பான், கண்ணை உருட்டி உருட்டிப் பேசுகிறானே அவன். ஆனால் பள்ளிக்கூடத்தில் படிப்பிச்சனான் என்றாளே. எதை வைத்துப் படிப்பித்தாள்? அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு முள்ளில் மாட்டின வேட்டி மாதிரி நின்றது. இரண்டு வருஷத்துக்கு முன் ஈரோட்டுக்குப் போன வேன். முதல் நிகழ்ச்சி அவளுக்கு. சங்ககிரி தாண்டி ஒரு கடையில் டீ குடிக்க நிறுத்தியிருந்தார்கள். “உங்கட கசெட் எங்கட பள்ளிக்கூடத்தில போட்டனான் சேர், அந்த ராசா அறிவிக்கிற இடத்தைப் பிள்ளையள் பாடமாக்கினவை, உங்கட குரலிலயே சொல்லிக் காட்டுவினம்” என்று சொன்னாள். அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. கடல் தாண்டிப் போயிருக்கிறதா நம்ம கேசட்டு என்று கேட்டார், வேனில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை கேட்டார், பஜ்ஜி வாங்கித் தந்தார். அவளுக்குப் பிள்ளை உண்டா என்று கேட்கவில்லை. அப்படியானால் அந்த வீட்டில், அந்தத் துண்டுப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு மாமியாரும் மருமகளும் போவதா வேண்டாமா என்று பேசினபோது, அவள் மனசுக்குள் கேட்டது யாருடைய குரல்? சீச்சீ, இது என்ன பைத்தியக்காரத்தனம், ஒரு கேசட்டைக் கேட்டா ஜனங்கள் உயிர் பிழைக்க ஓடுவார்கள், எல்லோரும் ஓடினார்கள், அவளும் ஓடினாள். எல்லோரும் ஓடவில்லை. அந்த நேசராணி ஓடவில்லை. அவள் கேசட்டைக் கேட்டிருக்க மாட்டாள். அல்லது கேட்டிருப்பாள், கேட்டுவிட்டுச் சிரித்திருப்பாள்.

“மேடம், சூப்பர், சூப்பர்!” நிரஞ்சன் கைதட்டிக்கொண்டே ஓடி வந்தான். “ஒரே ஒரு சின்ன விஷயம், உங்க கம்மல் மைக்குல உரசுது. அந்த ‘மாமி சொன்னா’ல இருந்து இன்னொரு டேக் போயிடலாமா? அப்புறம் மேடம், கொஞ்சம் நம்ம தமிழ்ல சொன்னீங்கன்னா ஆடியன்ஸுக்குச் சட்டுனு ரீச் ஆகும்.” ஓங்கி ஒரு அறை விடுவாள் என்று பூதலிங்கம் எதிர்பார்த்தார், விடட்டும் என்று ஆசைப்பட்டார், விட்டால் நிகழ்ச்சி நின்றுபோகும், மன்னரைச் சொல்ல வேண்டியிருக்காது. தவமலர் தலையைச் சாய்த்துத் தோட்டைக் கழற்றினாள், திருகாணியோடு அதைப் பத்திரமாகக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். “எங்கயிருந்து, தம்பி?” “மாமி சொன்னா.” “என் மாமியார் சொன்னாங்க” என்று அவள் மறுபடி ஆரம்பித்தாள். எல்லாம் அதே வரிசையில் வந்தது, துண்டுக் காகிதம், நாகரிகமானவங்க, பக்கத்து வீட்டு நேசராணி டீச்சர், கனடா. நல்ல உச்சரிப்பு. ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. “மாமியாரும் என் மகனும் அவங்க சொன்ன இடத்துலதான் இருக்காங்க, இப்பவும்.” இந்தத் தடவை பையன் கையைத் தூக்கினான், கூட்டம் கைதட்டியது, நடுவர் திருவேங்கடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், முதல் தடவை துடைக்காதவர், இப்போது கேமரா தன் பக்கம் திரும்பியிருப்பதைப் பார்த்துத் துடைத்தார். தூ என்று துப்பலாம் போலிருந்தது பூதலிங்கத்துக்கு. யார் மேல் துப்புவது? இந்த நடுவர் மேலா, கடுக்கன் மேலா, பிரியாணிக்குக் கைதட்டுகிற இந்த ஜனங்கள் மேலா? அந்தச் சண்டை முடிந்த மே மாதம் இவர் எங்கே இருந்தார்? துபாயில். தமிழ்ச் சங்கம் கூப்பிட்டிருந்தது. வாழ்க்கைக்குத் தேவை வேகமா விவேகமா. ஓட்டல் அறையில் முந்திரியைக் கொறித்துக்கொண்டே டிவியைப் போட்டார், ஒரு கடற்கரை மணல், வரிசையாகத் தார்ப்பாய், ஜனங்கள், புகை, ஐயோ பாவம் என்று சொன்னார், வாய்விட்டே சொன்னார், சொல்லிவிட்டு அடுத்த சேனலுக்குப் போனார், தன் பட்டிமன்ற விளம்பரம் வருகிறதா என்று பார்ப்பதற்கு. அந்தத் தார்ப்பாய்களில் ஒன்றின் கீழே ஒரு பையன் இவர் குரலில் பேசிக் காட்டியிருக்கலாம். பிள்ளையள் பாடமாக்கினவை. அவளுடைய மகன் பாடமாக்கினானா? அவளிடம் கேட்கலாம். கேட்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும், அது அவரிடம் இல்லை, இருந்ததும் இல்லை. என்.சி.சி. முகாமில் துப்பாக்கிச் சத்தத்துக்கே காதைப் பொத்தினவர் அவர். அப்படிப்பட்டவர்தான் ஊர் ஊராகப் போய்ப் போரின் மாண்பைப் பேசினார். சண்டையைப் பார்த்திராதவனுக்குத்தான் சண்டையில் நாகரிகம் தெரியும். கழுத்தை அறுக்கிறவன் கத்தியைக் கழுவிவிட்டு அறுத்தானா என்று பார்த்துக்கொண்டு நிற்கிற கூட்டம், கழுவியிருந்தால் அதற்கு ஒரு பட்டிமன்றம் வைக்கிற கூட்டம், அதற்குத் தலைமை வாத்தியார் இவர்.

மேக்கப் பெண் வந்து பஞ்சால் ஒற்றிவிட்டுப் போனாள். அடுத்து நம் பேராசிரியர் என்று நடுவர் இழுத்து இழுத்து அழைத்தார். பூதலிங்கம் எழுந்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டார், வணக்கம் சொன்னார், வாய் தானாகவே ஓடத் தொடங்கியது, அதற்கு அவர் தேவையில்லை, எத்தனையோ தடவை அது தனியாகவே போய்வந்திருக்கிறது. சகோதரி தவமலரின் கண்ணீருக்குத் தலைவணங்குகிறேன் என்றது. அவள் அழவே இல்லையே. பூ வந்தது. பெண் பார்க்கப் போகிறவன் வந்தான். சிரித்தார்கள். அடுத்தது மன்னர், அவர் படியேறி வந்துகொண்டிருக்கிறார், குரல் தானாகத் தாழ்ந்தது, பேச்சு நின்றது, வலது கை பாதி உயர்ந்தது, கைதட்டுகிற பையனும் தன் கையைத் தயாராக வைத்துக்கொண்டான். “போர் தொடுக்கும் முன்” என்றார். தவமலர் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை, ஒரு பேச்சாளர் இன்னொரு பேச்சாளரைப் பார்க்கிற சாதாரணப் பார்வை. திட்டியிருக்கலாம், கேசட்டு உங்களுடையது என்று சபையில் சொல்லியிருக்கலாம், அவள் சொல்லவில்லை, இரண்டு டேக்கிலும் சொல்லவில்லை. தொண்டைக்குள் அந்த வாக்கியம் முழுசாக நின்றது. அதை இப்போது வெளியே விட்டால் ஒரு பிள்ளையைக் கையைப் பிடித்து மறுபடியும் அங்கே கூட்டிக்கொண்டு போய் விடுவது என்று அவருக்குப் பட்டது, நிஜமாகவே பட்டது. கையைக் கீழே போட்டார். “அவ்வளவுதான். மேற்கொண்டு எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை” என்றார், உட்கார்ந்துவிட்டார். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. பேராசிரியருக்கே தொண்டை அடைத்துவிட்டது பாருங்கள் என்று நடுவர் சமாளித்தார், சமாளித்து, தீர்ப்பும் சொன்னார், போரிலும் நாகரிகம் கண்ட இனம் நம் இனம் என்று. பூதலிங்கம் அதைக் காதில் வாங்கவில்லை. நெஞ்சு லேசாகிவிட்டது அவருக்கு. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு காரியம் செய்திருக்கிறோம், ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறோம், இனி நாமக்கல் பையன் வந்து உட்காரட்டும், போகட்டும் கழுதை. கண் கலங்கியது, பவுடர் கரையுமே என்றுகூட அவர் கவலைப்படவில்லை. அவள் கவனித்தாளா என்று மட்டும் ஓரக்கண்ணால் பார்த்தார். தவமலர் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துத் தோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். சட்டையில் குத்தியிருந்த மைக்கைக் கழற்ற ஒருவன் வந்தான், அவன் பின்னாலேயே நிரஞ்சன் வந்தான். “சார், அந்த மன்னர் பிட்ட விட்டுட்டீங்களே?” “வேண்டுமென்றுதான் விட்டேன்” என்றார் பூதலிங்கம். குரல் கம்பீரமாக இருப்பது அவருக்கே பிடித்திருந்தது. “அதை இனிமேல் சொல்வதாக இல்லை.” “ஐயோ, அதனால என்ன சார், டென்ஷன் ஆகாதீங்க. போன பொங்கல் புரோகிராம்ல இதே பிட்டு பேசியிருக்கீங்க, ஃபுட்டேஜ் நம்மகிட்ட இருக்கு. இதே செட்டு, இதே சந்தன ஜிப்பா. மேடம் முடிச்சதும் அதை வெட்டி ஒட்டிட்டோம்னா பதிலடி மாதிரி கரெக்டா உக்காந்துரும். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்.” கூடாது என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். தவமலர் இரண்டடி தள்ளி நின்று கைப்பையை மூடிக்கொண்டிருந்தாள், எல்லாம் அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. கூடாது. அதை ஒட்டினால் நான் கோர்ட்டுக்குப் போவேன். இந்தப் பெண் உட்கார்ந்திருக்கிற சபையில் அதைப் போட உங்களுக்கு வெட்கமில்லையா. இப்படி எத்தனையோ வந்தன, எல்லாம் நல்ல வாக்கியங்கள், மேடையில் எடுபடக்கூடிய வாக்கியங்கள். அவற்றுக்கு நடுவே, யாரோ வயிற்றில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தது போல, ஒரு நிம்மதி பரவிக்கொண்டே வந்தது. நாம் சொல்லவில்லை, ஆனால் சொன்னதாகவும் ஆகிவிடும், கைதட்டலும் வந்துவிடும், நாற்காலியும் போகாது. அந்த நிம்மதி எவ்வளவு கேவலமானது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. நரைத்த மீசையைத் தடவிக்கொண்டார். “அப்போ மீசைக்கு டை அடிச்சிருந்தேனே” என்றார் நிரஞ்சனிடம். “வித்தியாசம் தெரியாதா?” அவன் வாயைத் திறப்பதற்குள் தவமலர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

“ஒருத்தருக்கும் தெரியாது சேர்” என்றாள்.